கவிஞர் காட்டிய வழி

தாமஸ் மெர்ட்டன் 1915-இல் பிரான்சில் பிறந்தவர். ஓவியரான தந்தை, சிறுவயதிலேயே அவருக்கு வில்லியம் பிளேக்கின் கவிதைகளை அறிமுகப்படுத்தினார். 1931-இல் தந்தை இறந்தார். பிளேக் மட்டும் மகனோடு தங்கிவிட்டார். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மெர்ட்டனின் ஆய்வேடும் பிளேக்கைப் பற்றியதே. இத்தனைக்கும் அக்கவிஞர் கத்தோலிக்கர் அல்லர்! ஆயினும் இறைநம்பிக்கையற்றிருந்த இளைஞரின் மனத்தைப் பண்படுத்தியது அவர் எழுத்துதான்.

1938-இல் ஒருநாள், இயேசு சபைக் குருவும் கவிஞருமான ஹாப்கின்ஸின் வாழ்க்கை வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தார். கத்தோலிக்கராக விரும்பி ஹாப்கின்ஸ் புனித நியூமனுக்குக் கடிதம் எழுதும் பகுதி. புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்தார். பங்குத்தந்தையைத் தேடி நடந்தார். நவம்பர் 16-இல் திருமுழுக்குப் பெற்றார்.

1941 டிசம்பர் 10-இல் கென்டக்கியின் கெத்சமனி துறவு மடத்தில் சேர்ந்தார். கவிதை எழுதுவது துறவுக்குத் தடையோ என்று கலங்கியவரை, மடத்து அதிபரே எழுதச் சொன்னார். 1968 நவம்பரில் சென்னை பரங்கிமலைக்கு வந்த மெர்ட்டன், மடத்தில் சேர்ந்த அதே டிசம்பர் 10-இல் பாங்காக்குக்கு அருகில் இறந்தார்.