பேரு 'போ', ஆனா போக விடமாட்டார்!

ஹாஸ்டலில் கரண்ட் போன ராத்திரியில் பேய்க்கதை பேசாத ரூம் உண்டா? அந்த மாதிரிக் கதைகளில் மன்னன் என்று பேர் எடுத்தவர் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ. பேருதான் 'போ'. கதையைத் திறந்தால் நம்மைப் போகவே விடமாட்டார்!

1809-ல் பாஸ்டன் நகரில், நாடக நடிகர்களின் மகனாகப் பிறந்தார். மூணு வயசு முடியும் முன்பே தாய் இறந்துவிட, ரிச்மண்டில் ஜான் ஆலன் என்ற வியாபாரி எடுத்து வளர்த்தார். 1826-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் போ. வீட்டிலிருந்து வந்த பணம் போதவில்லை. போதாததற்குச் சூதாடிக் கடனையும் ஏற்றிக்கொண்டார். ஒரே வருஷத்தில் படிப்பு நின்றது.

இதைப் படித்தபோது எனக்கு 'திக்'கென்றது. எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கூலி வேலை பார்க்கும் அப்பாவிடம் ஃபீஸ் கேட்கும் நாளைவிடப் பெரிய திகில் கதை எனக்குத் தெரியாது.

படிப்பு போனாலும் போ பேனாவை விடவில்லை. கொஞ்ச காலம் பட்டாளத்தில் இருந்தார். பிறகு பத்திரிகைகளில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். அவருடைய 25 கதைகள் 1840-ம் ஆண்டுப் பதிப்பாக, இரண்டு பாகங்களில் பிலடெல்பியாவில் வெளிவந்தன. அச்சானது 750 பிரதிகள். அவருக்குக் கூலி? வெறும் 20 பிரதிகள். காசு ஒன்றும் கிடையாது! 1841-ல் மறுபதிப்பு கேட்டார். முதல் பதிப்பே விற்கவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அவர் சோர்ந்துவிடவில்லை. அதே 1841-ல், பாரிஸ் நகரக் கொலை ஒன்றை மூளையாலேயே கண்டுபிடிக்கும் துப்பறிவாளரைப் படைத்தார். ஷெர்லாக் ஹோம்ஸ் வந்ததெல்லாம் 1887-ல்தான்! 1843-ல் எழுதிய இன்னொரு கதையில், கிழவர் ஒருவரைக் கொன்று தரைப் பலகைக்கு அடியில் மறைத்தவன், அந்த இதயம் இன்னும் துடிப்பதாகக் கேட்டுப் போலீஸ் முன்னால் தானே கத்திவிடுகிறான். அங்கே பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மனசாட்சிதான் பேய்!

1847-ல் காசநோய் அவர் மனைவி வர்ஜீனியாவைக் கொண்டுபோனது. 1849 அக்டோபர் 7-ல், பால்டிமோரில் போவும் மறைந்தார். வயது 40. இறந்த காரணம் இன்றுவரை மர்மம்தான்.

நண்பர்களே, உழைத்த அன்றைக்கே கூலி கிடைக்காமல் போகலாம். அதற்காக உழைப்பு வீணாகிவிடாது. அடுத்த முறை கரண்ட் போனால் போவின் கதை ஒன்றைச் சொல்லுங்கள். அவருக்குச் சேர வேண்டிய பாக்கிக் கூலி அதுதான்!