முதற் கட்டளையும் சுரூப வணக்கமும்: தமாஸ்கு நகர் புனித அருளப்பர்

விக்கிரகங்களைச் செய்து வணங்கலாகாது என்று யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் விலக்கியிருக்க, கத்தோலிக்கர் சுரூபங்களின் முன் முழந்தாளிடுவது முறையா? பிற சபைச் சகோதரர்கள் இவ்வாறு கேட்கும்போது நம்மில் பலர் விடையறியாது திகைக்கின்றனர். அவர்களுக்காகவே, இந்த யூபிலி மலரில் தமாஸ்கு நகர் புனித அருளப்பரின் வாழ்வை நினைவுகூர விரும்புகிறோம்.

இவர் ஏறக்குறைய கி.பி. 675-இல் சிரியா நாட்டுத் தமாஸ்கு நகரில் பிறந்தார். அந்நகர் அக்காலம் உமய்யா கலீபாக்களின் தலைநகராய் விளங்கியது. கிறிஸ்தவரான இவருடைய தந்தை கலீபாவின் கருவூலத்தில் உயர் பதவி வகித்தார். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த அவ்வாழ்வைத் துறந்து, எருசலேமுக்கு அருகிலுள்ள மார் சாபா மடத்தில் அருளப்பர் துறவியானார், குருப்பட்டமும் பெற்றார்.

கி.பி. 726 முதல் கொன்ஸ்தாந்தினோப்பிள் பேரரசன் மூன்றாம் லெயோ திருவுருவங்களை எதிர்க்கத் தொடங்கினான். ஆலயங்களிலிருந்து அவை அகற்றப்பட்டன. பின்னர் துறவிகள் பலர் துன்புறுத்தப்பட்டனர். இவ்வேளையில் அருளப்பர் மூன்று நூல்கள் எழுதித் திருச்சபையின் போதனையைக் காத்தார். இதில் ஒரு வியப்பு! கிறிஸ்தவப் பேரரசனின் கை எட்டாத முகமதிய ஆட்சியில் வாழ்ந்ததாலேயே அவரால் அச்சமின்றி எழுத முடிந்தது.

அவர் தந்த விளக்கம் எளியது. கடவுள் கண்ணுக்குப் புலப்படாதவராயிருந்தபோது அவருக்கு உருவமமைத்தல் தகாததாயிருந்தது. அவரே மனிதராகி மக்களிடையே நடமாடிய பின்போ, கண்ட திருமுகத்தை வரைவது தவறாகாது. ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. உருவத்திற்குச் செய்யும் வணக்கமோ அது குறிக்கும் ஆளையே சேரும். திருப்பேழையின் மீது கெருபீன்களை அமைக்கக் கட்டளையிட்டவரும் அதே ஆண்டவர்தாம். எழுத்தறியாத ஏழைக்குச் சுரூபமே புத்தகம்.

ஏறக்குறைய 749-இல் அவர் இறந்தார். 754-இல் பேரரசன் கூட்டிய சங்கம் அவரைச் சபித்தது. ஆனால் 787-இல் இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் திருவுருவ வணக்கத்தை உறுதிப்படுத்தி, அவரையும் போற்றியது. 1890-இல் 13-ஆம் சிங்கராயர் பாப்பரசர் அவரைத் திருச்சபையின் வேதபாரகராக அறிவித்தார். அவரது திருநாள் டிசம்பர் 4.

அன்பர்களே, விடை கிடைத்துவிட்டதென்று நாம் நிம்மதி கொள்ளலாகாது. மோயீசன் கடவுளின் கட்டளைப்படி செய்த வெண்கலப் பாம்புக்கே பிற்காலத்தார் தூபங்காட்டத் தொடங்கியதால், எசேக்கியாஸ் அரசர் அதனை உடைத்தெறிந்தார். நல்ல அடையாளமும் விக்கிரகமாகிவிடக் கூடும் என்பதே அது தரும் எச்சரிக்கை. புனிதரின் சப்பரத்தை யார் சுமப்பது, தேர் எந்தத் தெரு வழி செல்வது என்று சாதி பார்த்துச் சண்டையிடுவோமானால், நாம் வணங்குவது புனிதரையா, நம் சாதிப் பெருமையையா? பேராசையும் விக்கிரக ஆராதனையே எனப் புனித சின்னப்பர் கொலோசையருக்கு எழுதியதையும் மறவோமாக.

பீடத்தின் மேலுள்ள சுரூபங்களை நாம் அகற்ற வேண்டியதில்லை. உள்ளத்தில் அமர்ந்திருக்கும் விக்கிரகங்களை அகற்றுவோம். அதுவே இந்த யூபிலி ஆண்டில் ஆண்டவருக்கு நாம் அளிக்கும் மேலான காணிக்கை. புனித அருளப்பர் நமக்காக வேண்டிக்கொள்வாராக.