தமிழை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார்

குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அங்கே கலந்து ஒலிக்கும். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் பேரமே முறிந்துபோகும்.

பேரத்தில் இப்படியென்றால், கடவுளை வணங்கும்போது சொல் பிசகினால் என்ன ஆவது?

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. துணைக்கு இருந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கினார். மக்கள் அவற்றை மனப்பாடம் செய்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துத்தான் ஒரு பிழை தெரிந்தது. விசுவசிக்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், எனக்கு வேணும் என்று சொல்லி வந்தார்கள்! சவேரியார் உடனே திருத்தச் சொன்னார்.

தமிழை முறையாகக் கற்ற ஒருவர் தேவைப்பட்டார். அவர்தான் அண்டிரிக் அடிகளார்.

விலக்கப்பட்டவர்

இவர் 1520-ல் போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்தார். முன்னோர் யூதர்கள். அந்த ஒரே காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக நேர்ந்தது. மனம் தளரவில்லை. 1545-ல் ஏசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

முத்துக்குளித்துறைக்கு வந்தவர் இரவு பகலாகத் தமிழ் படித்தார். பேசவும் எழுதவும் கற்றார். பின்னால் வரும் பாதிரிமார்களுக்காகப் போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி இன்றும் லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 2013-ல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

பதினாறே பக்கம்

கையால் எழுதிய ஜெபங்கள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகும்போது மாறக்கூடும். அச்சிட்டால் எல்லா ஊருக்கும் ஒரே ஜெபம். 1578 அக்டோபர் 20-ந் தேதி கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம் அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கம்! இந்திய மொழி ஒன்றின் எழுத்திலேயே இந்தியாவில் அச்சாகி, நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் இதுதான். கடவுளைக் குறிக்க, தமிழர் நாவில் ஏற்கெனவே பழகிய தம்பிரான் என்ற சொல்லையே அவர் எடுத்துக்கொண்டார்.

1579-ல் கிரீசித்தியானி வணக்கம் வந்தது. அடுத்த ஆண்டு பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு நூல். 1586-ல் புனிதர்களின் வரலாற்றைச் சொல்லும் அடியார் வரலாறு. இது பெரிய நூல்.

1600-ல் அடிகளார் காலமானார். அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்துவிட்டார். அவர் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

பிறப்பைக் காட்டி ஒரு சபை அவரை விலக்கியது. தமிழோ அவரைச் சேர்த்துக்கொண்டது. தமிழ் அச்சின் கதையை யார் சொன்னாலும் அவர் பெயரில்தான் தொடங்க வேண்டும்.