விளம்பரத்துக்குப் பணமில்லாதவர் கட்டிய பெயர்: சேக் தீன் முஹம்மது

கடைக்கு முன்பணம், மரவேலை, சரக்கு என்று கையிலிருந்த பணமெல்லாம் திறப்பு விழாவுக்கு முன்பே கரைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விளம்பரத்துக்கு எங்கே போவது? சிறு வணிகம் செய்யும் நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு அந்நிய நாட்டில் நின்றவர் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முஹம்மது. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மீண்டும் எழுந்து, இங்கிலாந்து மன்னர்கள் வரை அறிந்த பெயரை உருவாக்கினார். அவர் செய்த நல்லவற்றிலும் பாடம் இருக்கிறது, செய்த தவறுகளிலும் பாடம் இருக்கிறது.

பாட்னாவிலிருந்து அயர்லாந்துக்கு

தீன் முஹம்மது 1759ஆம் ஆண்டு பாட்னாவில் முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை கிழக்கிந்திய கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றியவர். மகனுக்குப் பத்து வயது இருக்கும்போது அவர் இறந்துவிட்டார். அதன் பின் காட்ஃப்ரி பேக்கர் என்ற ஐரிஷ் அதிகாரியின் கீழ் படை முகாமுக்குள் நுழைந்த சிறுவன், அங்கேயே வளர்ந்து சுபேதார் பதவி வரை உயர்ந்தார். 1782இல் பேக்கர் படையை விட்டு விலகியபோது இவரும் விலகினார். 1784இல் இருவரும் அயர்லாந்தின் கார்க் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே ஆங்கிலம் கற்றார். 1786இல் ஜேன் டேலி என்ற ஐரிஷ் பெண்ணை மணந்தார். அந்தத் திருமணத்தை ஒட்டி ஆங்கிலிகன் திருச்சபையில் சேர்ந்தார். ஆனால் தன் பெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கார்க்கிலும் பிறகு லண்டனிலும் அந்தப் பெயரோடுதான் வாழ்ந்தார், அந்தப் பெயரைத்தான் கடைப் பலகையிலும் எழுதினார்.

அச்சடிக்கும் முன்பே விற்ற நூல்

வணிகத்தில் அவருடைய முதல் முயற்சி ஒரு புத்தகம். இந்தியாவில் தான் கண்ட ஊர்கள், படை நடமாட்டங்கள், மக்களின் வழக்கங்கள் ஆகியவற்றைக் கடிதங்களின் வடிவில் எழுதினார். 1794இல் இரண்டு பாகங்களாகக் கார்க்கில் வெளிவந்த அந்தப் பயண நூல், இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் என்று கருதப்படுகிறது.

அதை அச்சடிக்கப் பணம் எங்கிருந்து வந்தது? புத்தகம் வருகிறது என்று நாளிதழில் அறிவிப்புக் கொடுத்தார். ஊரில் மதிப்புள்ளவர்களை நேரில் சந்தித்துப் பெயர் பதிவு செய்யக் கேட்டார். 320 பேர் முன்பணமாகத் தலா 2 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் நூல் வெளியிட இது வழக்கமான முறைதான். ஆனால் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு வெளிநாட்டவரை நம்பி 320 பேர் பணம் கொடுத்தது சாதாரணமல்ல. பத்து ஆண்டுகளாக அந்த ஊரில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். பதிவு செய்தவர்களின் பெயர்கள் நூலிலேயே அச்சிடப்பட்டன. ஊர்ப் பெரியவர்கள் யார் யார் வாங்கியிருக்கிறார்கள் என்பதைப் புரட்டிப் பார்ப்பவர் எவரும் காணலாம். வாடிக்கையாளரின் பெயரே சரக்குக்குச் சான்றாகும் என்ற பாடத்தை அவர் இங்கே கற்றார். பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றியது இதுதான்.

லண்டனில் ஓர் உணவகம்

1807 வாக்கில் குடும்பத்தோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். போர்ட்மன் சதுக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற செல்வந்தர் இருந்தார். இந்தியாவில் ஒப்பந்த வேலைகளில் பெரும் பணம் சேர்த்துத் திரும்பியவர். தன் மாளிகையிலேயே நீராவிக் குளியல் அமைத்திருந்தார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த தீன் முஹம்மது, நீராவிக் குளியலோடு நம் ஊர்களில் வழக்கமான உடம்பு பிடித்துவிடும் முறையையும் சேர்த்தார். அதற்கு வட இந்தியாவில் இருந்த சொல்தான் ஆங்கிலத்தில் ஷாம்பு ஆயிற்று. தலைக்குத் தேய்த்துக் குளிப்பது என்ற பொருள் பின்னால் வந்தது. அன்று அந்தச் சொல்லுக்குக் கை கால்களை அமுக்கிப் பிடித்துவிடுவது என்றே பொருள்.

1810இல் அதே பகுதியில், ஜார்ஜ் தெரு 34ஆம் எண்ணில், ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ் என்ற உணவகத்தைத் திறந்தார். இந்தியர் ஒருவர் லண்டனில் தொடங்கிய முதல் இந்திய உணவகம் இது. மூங்கில் நாற்காலிகள், சுவரெங்கும் இந்தியக் காட்சிகளின் ஓவியங்கள், ஹூக்கா புகைக்கத் தனி அறை, மசாலா சேர்த்த இந்தியச் சமையல் என்று எதிலும் குறை வைக்கவில்லை. 1811இல் டைம்ஸ் நாளிதழில் விளம்பரமும் கொடுத்தார். சாப்பிட்டவர்கள் சமையலைக் குறை சொல்லவில்லை.

ஆனாலும் 1812இல் திவாலானார்.

காரணம் சமையல் அல்ல, இடமும் கணக்கும்தான். அவர் குறிவைத்த வாடிக்கையாளர்கள் இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய வசதியான ஆங்கிலேயர்கள். அவர்களில் பலர் வீட்டிலேயே இந்தியச் சமையல்காரரை வைத்திருந்தார்கள். கிழக்கிந்திய வணிகர்கள் கூடிப் பேசும் காபிக் கடைகளோ நகரின் வணிகப் பகுதியில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தன. உள் அலங்காரத்துக்கும் விரிவாக்கத்துக்கும் கொட்டிய பணம் திரும்பி வருவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அந்த உணவகம் வேறு கைகளுக்கு மாறி மேலும் இருபது ஆண்டுகள் நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தொழில் தோற்கவில்லை, அதைத் தொடங்கியவர்தான் தாக்குப்பிடிக்க முடியாமல் போனார்.

அடுத்த ஆண்டு அதே டைம்ஸ் நாளிதழில் இன்னொரு விளம்பரம் கொடுத்தார். இந்த முறை வீட்டு வேலைக்கு இடம் தேடி. சுபேதாராகவும் நூலாசிரியராகவும் உணவக முதலாளியாகவும் இருந்தவர், மனைவி பிள்ளைகளைக் காப்பாற்ற வேறொருவர் வீட்டில் பணிசெய்யத் தயாராக நின்றார். அதில் அவர் வெட்கப்படவில்லை.

பிரைட்டனில் இரண்டாவது தொடக்கம்

1814இல் குடும்பம் தெற்குக் கடற்கரையிலுள்ள பிரைட்டன் நகரத்துக்குப் போனது. அது அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஊர். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் அங்கே தன் அரண்மனையை இந்தியக் கட்டடக் கலையின் சாயலில் கட்டிக்கொண்டிருந்தார். மூட்டுவலி, வாதம் என்று அவதிப்பட்ட வசதியானவர்கள் கடல் நீரில் குளிப்பதற்காக வந்து தங்கினார்கள். லண்டனில் செய்த தவறு இங்கே நடக்கவில்லை. வாடிக்கையாளர் எங்கே, எந்தத் தேவையோடு வருகிறாரோ அங்கேயே போய் நின்றார்.

முதலில் ஒரு குளியல் இல்லத்தில் வேலை செய்தார். பக்கத்தில் இந்தியப் பல்பொடி போன்ற சிறு பொருள்களையும் விற்றார். காக்ரேன் வீட்டில் செய்த முறையை மெருகேற்றினார். மூலிகை கலந்த நீராவி நிறைந்த ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் நோயாளி உட்கார்ந்திருப்பார். துணியிலுள்ள திறப்புகள் வழியே வெளியிலிருந்து கைகளை நுழைத்து உடம்பைப் பிடித்துவிடுவார்கள். பெண்களுக்கான பகுதியை மனைவி ஜேன் கவனித்துக்கொண்டார். மனைவியும் பிள்ளைகளும் தொழிலைக் கற்று உடன் நின்றதால் சம்பளச் செலவும் மிச்சமானது.

தொடக்கத்தில் மக்கள் நம்பவில்லை. மருத்துவர்கள் சிலர் கேலி செய்தார்கள். பெரிய விளம்பரம் செய்யக் கையில் பணமில்லை. அப்போது அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, சிலருக்குக் கட்டணம் வாங்காமல் சிகிச்சை செய்தார். பலன் கண்டவர்கள் நாலு பேரிடம் சொன்னார்கள். ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் வழக்கத்தைப் பெயர் பெற்ற பின்னும் விடவில்லை.

இரண்டாவது, குணமானவர்கள் விட்டுச் சென்ற ஊன்றுகோல்களையும் கால் தாங்கிகளையும் வரவேற்பு மண்டபத்தில் மாட்டிவைத்தார். உள்ளே நுழையும் நோயாளி முதலில் பார்ப்பது அவற்றைத்தான். எந்த ஓவியரும் வரைய முடியாத விளம்பரம் அது. செலவு ஒரு காசுகூட இல்லை.

மூன்றாவது, வருகைப் பதிவேடு வைத்தார். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. வந்தவர்கள் தங்கள் பெயரையும் அனுபவத்தையும் எழுதினார்கள். குணமானவர்களின் கடிதங்களைத் தொகுத்து 1820இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1822இல் அதை விரிவாக்கி இன்னொரு நூல் கொண்டுவந்தார். அது பின்னர் மறுபதிப்புகளும் கண்டது. இன்று கூகுள் மேப்பில் வாடிக்கையாளர்கள் எழுதும் கருத்துகள் செய்யும் வேலையை அன்று அவருடைய பதிவேடு செய்தது.

நான்காவது, தன் தொழிலுக்குத் தனிப் பெயர் வைத்தார். ஊரில் குளியல் இல்லங்கள் பல இருந்தன. ஷாம்பூயிங் சர்ஜன் என்ற பட்டம் அவர் ஒருவருக்குத்தான். போட்டியாளர்கள் அவரைப் பார்த்து அதேபோல் தொடங்கியபோதும், அந்தச் சொல்லைக் கேட்டாலே மக்களுக்கு நினைவுக்கு வந்தது முஹம்மது என்ற பெயர்தான்.

1821இல் கடலைப் பார்த்த கிங்ஸ் சாலையில் முஹம்மது குளியல் இல்லம் எழுந்தது. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரு மன்னர்களும் அவரைத் தங்கள் ஷாம்பூயிங் சர்ஜனாக நியமித்தார்கள். முன்பு ஏளனம் செய்த மருத்துவர்களில் சிலர் தங்கள் நோயாளிகளை அவரிடம் அனுப்பத் தொடங்கினார்கள். லண்டனிலும் ஒரு கிளை திறக்கப்பட்டது.

கறையும் இழப்பும்

இவ்வளவு பெருமைக்கு நடுவே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1794இல் எழுதிய பயண நூலின்படி அவர் பிறந்தது 1759இல். பிரைட்டனில் எழுதிய நூலில் அதைப் பத்து ஆண்டுகள் முன்னால் தள்ளி 1749 என்றார். மருத்துவப் பயிற்சி பெற்றுப் படையில் அறுவை மருத்துவராக இருந்ததாகவும் எழுதினார். அப்படி ஒரு பயிற்சிக்கு அவருடைய முதல் நூலில் இடமே இல்லை. மருத்துவர் என்ற தகுதியைக் காட்ட அந்தப் பத்து ஆண்டுகள் அவருக்குத் தேவைப்பட்டன.

அந்தப் பொய் தேவைதானா என்று இன்று யோசித்தால் இல்லை என்றே தோன்றுகிறது. மண்டபத்தில் தொங்கிய ஊன்றுகோல்களும், பதிவேட்டில் இருந்த கையெழுத்துகளும், இலவசமாகக் குணமடைந்த ஏழைகளும் ஏற்கெனவே அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தானே தன்னைப் பற்றிச் சேர்த்துக்கொண்ட அந்த ஒரு பகுதிதான் கறையாக நின்றுவிட்டது. கல்லறைக் கல்லில்கூட அவருக்கு 101 வயது என்று எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் அவர் 91 வயதில் இறந்தார். விளம்பரத்தில் சொன்ன பொய் மண்ணறை வரை கூடவே வந்தது. சரக்கின் குறையை மறைத்து விற்பதும், இல்லாத தகுதியைச் சொல்லி விற்பதும் ஒன்றுதான் என்பதை நம் வணிகர்கள் அறிவார்கள்.

இன்னொரு இழப்பும் நேர்ந்தது. பெயர் அவருடையது, ஆனால் கட்டடத்துக்கு முதலீடு செய்தவர் தாமஸ் பிரவுன் என்ற கூட்டாளி. 1841இல் பிரவுன் இறந்ததும் குளியல் இல்லம் ஏலத்துக்கு வந்தது. எண்பது வயதைக் கடந்த தீன் முஹம்மதிடம் அதை வாங்கப் பணமில்லை. சில ஆண்டுகளில் அது போட்டியாளர் கைக்குப் போனது. இருபது ஆண்டுகள் அந்த வாசலில் ஒட்டியிருந்த பெயருக்கு உரியவர், பிளாக் லயன் தெருவில் ஒரு சிறிய இடத்தில் தொழிலைத் தொடர்ந்தார். தொழில் நன்றாக ஓடும் காலத்திலேயே கூட்டு ஒப்பந்தத்தை எழுத்தில் தெளிவாக்கி, கூட்டாளி இறந்தால் இடம் யாருக்கு என்பதையும் முடிவு செய்து வைக்கவில்லையென்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

1850 டிசம்பரில் ஜேன் இறந்தார். இரண்டே மாதங்களில், 1851 பிப்ரவரி 24 அன்று தீன் முஹம்மதும் இறந்து பிரைட்டனிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பேரன் ஃபிரெடெரிக் அக்பர் முஹம்மது, லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவராகி, உயர் இரத்த அழுத்தம் பற்றிய ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரானார். தாத்தா வெறுமனே சொல்லிக்கொண்ட தகுதியைப் பேரன் படித்துப் பெற்றார்.

2005இல் லண்டன் ஜார்ஜ் தெருவில், அந்த உணவகம் இருந்த இடத்தருகே நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. திவாலாகி வெளியேறிய தெருவிலேயே இன்று அவர் பெயர் நிற்கிறது.

நம் தெருவில் சிற்றுண்டிக் கடையோ தையல் கடையோ வைத்திருக்கும் சகோதர, சகோதரிகள் அவருடைய வாழ்க்கையிலிருந்து இன்றே எடுத்துக்கொள்ளக்கூடியவை இருக்கின்றன. பலன் பெற்ற வாடிக்கையாளரிடம் இரண்டு வரி எழுதித் தரக் கேளுங்கள். வசதியில்லாத ஒருவருக்கு உங்கள் தொழிலால் உதவுங்கள். தேவை இருக்கும் இடத்தில் கடையைத் திறங்கள். கூட்டுக் கணக்கை எழுதி வையுங்கள். இவற்றில் எதற்கும் பெரிய பணம் வேண்டாம். உங்களைப் பற்றி நீங்கள் சொல்வது மட்டும் உண்மையாக இருக்கட்டும்.