கிழங்குப் பலகாரம் விற்று எழுந்த பள்ளி

மேரி மெக்லியோட் பெத்தூன் 1875-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். 17 பிள்ளைகளில் இவர் 15-ஆவது. பருத்திக் காட்டில் வேலை செய்த சிறுமி, படித்து, ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவ ஊழியம் செய்ய விரும்பினார். கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை என்று சபை மறுத்துவிட்டது. எனவே ஆசிரியரானார்.

1904-இல் ஃபுளோரிடாவின் டேட்டோனாவில், கையில் ஒன்றரை டாலரோடு, 5 சிறுமிகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அதை நடத்தப் பணம் வேண்டும். நினைத்தே பார்த்திராத வேலை அவர் தலையில் விழுந்தது: நிதி திரட்டுவது. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பலகாரம் செய்து தொழிலாளர்களிடம் விற்றார். வீடு வீடாகப் போய்க் கேட்டார். குளிர்காலத்தைக் கழிக்க அவ்வூருக்கு வரும் செல்வந்தர்களையும் விடவில்லை. சோப்பு நிறுவன முதலாளி ஜேம்ஸ் கேம்பிள் பள்ளியின் அறங்காவலரானார். குப்பைமேட்டு நிலத்தில் கட்டடம் எழுந்தது. அப்பள்ளி இன்று பல்கலைக்கழகம். 1944-இல் கறுப்பினக் கல்லூரிகளுக்கான பொது நிதியத்தை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். 1955-இல் மறைந்தார்.

நம் சேரிகளில் தொடங்கும் இரவுப் பள்ளிகள் பல, பணமில்லாமல் நின்றுபோகின்றன. கேட்கக் கூசுகிறோம். பிள்ளைகளின் படிப்புக்காகக் கேட்பதில் இழிவில்லை என்பதைப் பெத்தூனின் வாழ்விலிருந்து நாம் கற்கலாம்.