பாதையோர மரங்களைக் காத்த மினகட்டா குமகுசு

இந்த முறை ஜப்பான் நாட்டு அறிஞர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறேன். பெயர் மினகட்டா குமகுசு. முதலில் வாயில் நுழையாது. ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க, வந்துவிடும்.

குமானோ பாதை

ஜப்பானில் குமானோ என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே ஹோங்கு, ஹயதாமா, நாச்சி என்று மூன்று பெரிய கோயில்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக, பேரரசர் முதல் குடியானவர் வரை காட்டு வழியே நடந்து போய்க் கும்பிட்டார்கள். வழி நெடுக 'ஓஜி' எனப்படும் சின்னச் சின்னக் கோயில்கள். 2004-இல் யுனெஸ்கோ இந்தப் பாதைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்போது வெளிநாட்டுக்காரர்கள்கூட வழிகாட்டியோடு வந்து, ஹொஷ்ஷின்மோன் ஓஜியிலிருந்து ஹோங்கு வரை சுமார் 7 கிலோமீட்டரை ஒரே நாளில் நடக்கிறார்கள். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பாதையோர மரங்களுக்குப் பெரிய ஆபத்து வந்தது. அதை எதிர்த்தவர்தான் நம் குமகுசு.

இளமை

1867-இல் வகாயாமா நகரில் பிறந்தார். அப்பா இரும்புச் சாமான் வியாபாரி. அவர் பெயரில் 'குமா' என்றால் கரடி, 'குசு' என்றால் கற்பூர மரம். குமானோ பாதையில் உள்ள ஃபுஜிஷிரோ கோயிலின் கற்பூர மரத்தை வைத்து வந்த பெயர் அது. பெயரிலேயே மரம் இருக்கு பார்த்தீங்களா!

சின்ன வயதிலேயே 105 தொகுதி கொண்ட கலைக்களஞ்சியத்தை இரவல் வாங்கி, வருஷக்கணக்காகக் கையால் எழுதிப் படித்தார். ஆனால் டோக்கியோவில் படிக்கப் போனபோது தேர்வில் தோற்றுவிட்டார். 1887-இல் அமெரிக்காவுக்கும், 1892-இல் லண்டனுக்கும் போய், நூலகங்களில் தானாகவே படித்தார். பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் புகழ் பெற்ற 'நேச்சர்' இதழில் அவருடைய கட்டுரைகள் சுமார் 50 வந்தன!

காட்டில் ஆராய்ச்சி

1900-இல் ஊர் திரும்பியவர், நாச்சி அருவிப் பக்கத்துக் காட்டில் பாசி, பூஞ்சைகளைச் சேகரித்தார். அவருக்கு ரொம்பப் பிடித்தது ஸ்லைம் மோல்டு. அது பார்த்தால் பூஞ்சை மாதிரி இருக்கும், அமீபா மாதிரி மெல்ல நகரும். ஈரமான பழைய மரங்களில் வாழும். 1904 முதல் தனாபே ஊரிலேயே தங்கிவிட்டார்.

மரங்களுக்கு வந்த ஆபத்து

1906-இல் அரசாங்கம் ஓர் ஆணை போட்டது. ஒரு ஊருக்கு ஒரு கோயில் போதும், சின்னக் கோயில்களைப் பெரிய கோயிலோடு சேர்த்துவிடலாம் என்றது. காலியான கோயில்களின் மரங்களை வெட்டி விற்றார்கள். நாடு முழுவதும் சுமார் 70,000 கோயில்கள் போய்விட்டன. பல ஓஜிகளும் போயின.

குமகுசு பொறுக்கவில்லை. பத்திரிகைகளில் எழுதினார். மரம் போனால் பறவை போகும், பறவை போனால் பூச்சி பெருகிப் பயிர் கெடும், சாமி கும்பிட இடமில்லாமல் ஊர் ஒற்றுமையும் குலையும் என்று விளக்கினார். 'எக்காலஜி' என்ற சொல்லை 1911-லேயே தன் கடிதத்தில் பயன்படுத்தினார்.

1910-இல் கோயில் இணைப்பை ஆதரித்த அதிகாரி ஒருவரைப் பார்க்க, குடித்துவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து ரகளை செய்தார். அது தப்புதான். 18 நாள் காவலில் வைத்தார்கள். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, ஒரு ஸ்லைம் மோல்டைக் கண்டுபிடித்தார்!

அடுத்த வருஷம் அவருடைய இரண்டு கடிதங்களை யானகிதா குனியோ என்ற அறிஞர் அச்சடித்துப் பெரிய மனிதர்களுக்கு அனுப்பினார். கடைசியில் 1920-இல் மேல்சபை, இந்த இணைப்பால் பயனில்லை என்று தீர்மானம் போட்டது. அதற்குள் எத்தனையோ காடுகள் அழிந்துவிட்டன. எல்லாவற்றையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் சுகிசாகுரா ஓஜியில் சில பெரிய சீடர் மரங்கள் தப்பின. அவற்றின் கிளைகள் தெற்கே, நாச்சி இருக்கும் பக்கமாகவே நீண்டிருக்கும். தனாபே விரிகுடாவின் கஷிமா தீவுக் காடும் தப்பியது.

மிட்டாய்ப் பெட்டிப் பரிசு

1917-இல் தன் வீட்டுத் தோட்டத்துச் சீமைப் பனிச்சை மரத்தில் புதுவகை ஸ்லைம் மோல்டு ஒன்றைக் கண்டார். 1921-இல் இங்கிலாந்தின் குலியெல்மா லிஸ்டர் அம்மையார் அதற்கு 'மினகட்டெல்லா' என்று அவர் பெயரையே வைத்தார்.

1929 ஜூன் 1-ஆம் தேதி பேரரசர் ஹிரோஹிட்டோ கஷிமா தீவுக்கு வந்தார். பிறகு கப்பலில் வைத்துக் குமகுசு அவருக்குப் பாடம் சொன்னார். 110 மாதிரிகளைப் பரிசாகக் கொடுத்தார். எதில் வைத்துத் தெரியுமா? காரமெல் மிட்டாய்ப் பெட்டிகளில்!

1941 டிசம்பர் 29-இல் குமகுசு காலமானார்.

தோழர்களே, தேர்வில் தோற்றவர், பட்டம் இல்லாதவர், பதவியும் இல்லாதவர். ஆனால் ஒரு மரத்தடியில் என்னென்ன வாழுது என்று உட்கார்ந்து பார்த்தவர். அதனால்தான் மரத்தை வெட்டினால் என்னென்ன போகும் என்று அவரால் சொல்ல முடிந்தது. இன்றைக்கு அந்தச் சீடர் மரங்களின் நிழலில் நடப்பவர்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நாமும் பள்ளி மைதானத்து மரத்தடியில் ஒரு தடவை குனிந்து பார்க்கலாமே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி