தேயிலைத் தோட்டமும் பட்ஜெட்டும்: யார் இந்த டான் சியூ சின்?

கேமரன்மலையில் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி டீ குடித்துவிட்டு பில் கேட்கிறீர்கள். பெரிய கடையாக இருந்தால் அடியில் சேவை வரி 6 விழுக்காடு என்று இருக்கும். 2024 மார்ச்சில் சேவை வரி 8 விழுக்காடாக ஏறியபோது, உணவுக்கும் பானத்துக்கும் பழைய 6-ஐயே விட்டுவைத்தார்கள். யார் கூடுதலாகக் கட்டணும், யாரை விட்டுடலாம் என்று ஆண்டுதோறும் பட்ஜெட்டில் முடிவு செய்கிறார்கள். இந்த வேலையை மலேசியாவில் 15 ஆண்டுகள் செய்தவர் துன் டான் சியூ சின்.

1916-ல் மலாக்காவில் பிறந்தார். அப்பா டான் செங் லொக், மலாயா சீனர் சங்கத்தின் முதல் தலைவர், ரப்பர் தோட்டத் தொழிலில் ஊறியவர். அதாவது தோட்ட முதலாளி கணக்கு எப்படி ஓடும் என்பது மகனுக்கு வீட்டிலேயே தெரியும். 1957-ல் வணிக, தொழில் அமைச்சர். 1959-ல் நிதியமைச்சர்.

வருமான வரி அப்போது மலாயாவுக்குப் புதுசுதான். நிலையான சட்டம் 1947-ல்தான் வந்தது.

அவருடைய சோதனை 1964 நவம்பர் பட்ஜெட். இந்தோனேசியாவுடன் மோதல், பாதுகாப்புச் செலவு எகிறியது. முதலாளிகள் கொடுக்கும் சம்பளத் தொகை மீது 2 விழுக்காடு வரி, மொத்த விற்பனை மீது அரை விழுக்காடு வரி என்று அறிவித்தார்.

இந்த இரண்டும் லாப வரி இல்லை, கவனிங்க. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டணும். ஆள் அதிகம் வைத்தால் வரியும் அதிகம். தேயிலை மாதிரி கொழுந்தைக் கையால் கிள்ளும் தொழிலில் இப்படி ஒரு வரி எங்கே போய் முட்டும் என்று யோசிச்சுப் பாருங்க. புது ஆளை வேலைக்கு எடுக்கும் முன் முதலாளி இரண்டு முறை கணக்குப் போடுவார். அப்போது மலேசியாவில் இருந்த சிங்கப்பூர் எதிர்த்ததும் இதனால்தான்: வேலைவாய்ப்பு அடிபடும் என்றது. வேடிக்கை என்னவென்றால், 1965-ல் பிரிந்துபோன பிறகும் சம்பள வரியை சிங்கப்பூர் 1980-களின் நடுப்பகுதி வரை வைத்திருந்தது. வருமானம் வரும் வழியை எந்த அரசும் லேசில் விடாது.

இன்று உங்களைத் தொடும் அவருடைய வேலை 1967 வருமான வரிச் சட்டம். மலாயா, சபா, சரவாக் என மூன்று இடங்களில் தனித்தனியாக இருந்த சட்டங்களை ஒன்றாக்கி, 1968 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆண்டுதோறும் மாறும் விகிதம், விலக்கு, கழிவு எல்லாம் பெரும்பாலும் இந்தச் சட்டத்தில் செய்யும் திருத்தங்கள்தான். 1972-ல் விற்பனை வரியும் அவர் காலத்தில் வந்தது.

அந்தச் சட்டம் தோட்டத்தில் எப்படி வேலை செய்கிறது? குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட் வாங்கும் மலேசியத் தொழிலாளிக்கு ஆண்டு வருமானம் 20,400. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் 2,244 போனால் மிச்சம் 9,156. முதல் 5,000-க்கு வரி கிடையாது. மீதிக்கு 1 விழுக்காடு, சுமார் 42 ரிங்கிட். வரி விதிக்கத்தக்க வருமானம் 35,000-ஐத் தாண்டாதவர்களுக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு என்பதால் அதுவும் பூஜ்யம். ஆனால் கடையில் வாங்கும் பொருளில் ஒளிந்திருக்கும் விற்பனை வரிக்கு இந்தக் கழிவெல்லாம் கிடையாது. பட்ஜெட் அன்று வருமான வரி விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால், ஏழை வீட்டுக் கணக்கில் பாதியைத் தவறவிடுவீர்கள்.

உடல்நலக் குறைவால் 1974-ல் டான் பதவி விலகினார். பிறகு பெரிய தோட்ட நிறுவனமான சைம் டார்பியின் தலைவரானார். வரி போட்டவர், வரி கட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். 1988-ல் காலமானார்.

சம்பளம் மட்டுமே வருமானம் என்றால், அவர் கொண்டுவந்த சட்டத்தின்படி நீங்கள் கணக்குக் காட்ட வேண்டிய கடைசி நாள் ஏப்ரல் 30.